பாண்டியன் புத்தகசாலையும் மதுரைத் திட்டமும்

1901ஆம் ஆண்டு பாலவநத்தம் குறுநிலத் தலைவர் பாண்டித்துரைத் தேவர் சொற்பொழிவாற்றுவதற்காக மதுரைக்கு வந்திருந்தார். பேச்சுக்குத் துணையாகத் திருக்குறளும் கம்பராமாயணமும் வேண்டுமென்று கேட்டார். தேடிப் பார்த்தும் ஒரு படிகூடக் கிடைக்கவில்லை என்று அவர்தம் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். சங்கம் இருந்ததாகக் காலங்காலமாகப் பெருமை பேசிவந்த ஊரில் முப்பாலுக்குப் பஞ்சம்! அந்த நாணமே நான்காம் தமிழ்ச் சங்கத்துக்கு வித்தாயிற்று என்பது வழிவழி வரும் செய்தி. இதில் சற்றே மிகை இருத்தல் கூடும். எனினும் அச்சு நூல் அக்காலத்தில் எத்துணை அரிய பொருளாக இருந்தது என்பதற்கு இதனினும் பொருத்தமான சான்று வேறில்லை.

சங்கம் 1901 செப்டம்பர் 14ஆம் நாள் தொடங்கப்பெற்றது. இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி துணை நின்றார். கலாசாலை ஒன்று, அச்சகம் ஒன்று, 'பாண்டியன் புத்தகசாலை' என்னும் நூலகம் ஒன்று, 1902இன் இறுதியில் இரா. இராகவையங்காரை ஆசிரியராகக் கொண்டு 'செந்தமிழ்' இதழ் எனப் பணிகள் விரைந்து அமைந்தன. புலவர் கூட்டிச் சிறப்புச் செய்வதோடு தேவர் நின்றுவிடவில்லை. நூலைத் திரட்டுதல், அச்சிடுதல், படிப்போர் கையில் சேர்த்தல் ஆகிய மூன்றையும் ஒரு கூரையின்கீழ்க் கொணர்ந்தார். இம்மூன்றனுள் மூன்றாவதைத்தான் தமிழ்ப் புலவருலகம் எக்காலத்தும் இரண்டாம் தரமாகக் கருதி வந்துள்ளது. பாடுவது உயர்வு, விற்பது தாழ்வு என்னும் எண்ணம் இன்றும் நம் மன்றங்களில் மறைந்துவிடவில்லை.

உண்மையில் நம் முன்னோர் விற்கத் தெரியாதவர் அல்லர். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், நூல் வெளிவருமுன்னரே கையொப்பம் திரட்டி அச்சுச் செலவுக்கு வழி தேடினார். மறுபுறம், பெரிய எழுத்துக் கதை நூல்களும் சிந்துகளும் புகைவண்டி நிலையங்களிலும் திருவிழாக் கூட்டங்களிலும் பாடிக்காட்டி விற்கப்பட்டன. பாட்டின் முதற்பகுதியைக் கேட்டவர் மீதியைப் படிக்கும் ஆவலால் காலணா கொடுத்தார். இன்று இணைய விளம்பரம் என்று பயிற்சி வகுப்புகளில் கற்பிக்கப்படுவதன் சாரம் இவ்விரண்டு வழக்கங்களுள்ளேயே அடங்கிக் கிடக்கிறது.

இனி, கணினித் திரைக்கு வருவோம். இணையத்தில் தமிழ் ஏறிய தொடக்கக் கதை கவிஞர்களுக்கு மகிழ்ச்சி தரத்தக்கது. 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளையும் தொகுத்து ஓர் இணையத் தளம் வெளியிடப்பெற்றது. அதில் தமிழ்ப் பகுதியை உருவாக்கியவர் சிறுகதையாசிரியரும் பேராசிரியருமான நா. கோவிந்தசாமி ஆவார். இணையத்தில் மிகத் தொடக்கக் காலத்தில் தோன்றிய தமிழ்ப் பக்கங்கள் இங்ஙனம் கவிதைப் பக்கங்களாகவே அமைந்தன. 1946இல் பிறந்த கோவிந்தசாமி 1999இலேயே மறைந்தார். தாம் நட்ட செடி மரமாவதைக் காண அவருக்கு வாய்க்கவில்லை.

அக்காலத்து இடர்ப்பாட்டை இன்றைய இளையோர் அறியார். கணினி அன்று எழுத்துகளுக்கென்று 256 இடங்களே ஒதுக்கியிருந்தது. அவற்றுள் முதற்பாதி உரோமன் எழுத்துகளுக்குப் போக, எஞ்சியவை 128. தமிழுக்கோ ஆய்தம் உட்பட 247 எழுத்துகள். கொம்பு, கால், புள்ளி முதலியவற்றைத் தனித்தனியே பிரித்து வைத்தால்தான் அவை அவ்விடத்துள் அடங்கும். எதை எவ்விடத்தில் வைப்பது என்பதை எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி முடிவு செய்தனர். ஒருவர் ககரம் வைத்த இடத்தில் மற்றொருவர் லகரத்தை வைத்தார். அனுப்பியவரிடம் உள்ள எழுத்துரு பெற்றவரிடம் இல்லையெனில் வெண்பா வெறும் குறிகளின் குப்பையாய்த் தோன்றும். ஒரே மொழியினர் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலாத இந்நிலை பல்லாண்டுகள் நீடித்தது.

இந்தக் குழப்பத்தினிடையே, 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் 'மதுரைத் திட்டம்' தொடங்கிற்று. தொடங்கிய இடம் மதுரையன்று. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வாழ்ந்த வேதியியலறிஞர் முனைவர் கே. கல்யாணசுந்தரம் இதன் தலைவர். அமெரிக்காவில் வாழ்ந்த முனைவர் குமார் மல்லிகார்ஜுனன் துணைத்தலைவர். முன்னவர் 'மயிலை' என்னும் எழுத்துருவை ஆக்கி இலவசமாக வழங்கியவர். எழுத்துருவுக்குத் தம் மயிலையின் பெயரை இட்டவர் நூல் திட்டத்துக்கு மதுரையின் பெயரைத் தேர்ந்தது கருதத்தக்கது. நூல் அரங்கேறவேண்டிய இடம் மதுரை என்னும் மரபு வேதியியலறிஞர் ஒருவர் நெஞ்சிலும் உறைந்திருந்தது. ஆயினும், அத்திட்டம் வளர்ந்துவந்த தொடக்க ஆண்டுகளில் மதுரையின் தமிழ்த் துறைகள் பலவற்றுக்கு அதன் பெயர்கூட எட்டியிருக்கவில்லை. இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

திட்டம் நடந்த முறை எளியது. பல நாடுகளில் வாழும் தமிழர்கள், பெரும்பாலும் தமிழைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள், ஓய்வு நேரத்தில் நூல்களைத் தட்டச்சிட்டனர். ஒருவர் உள்ளிட்டதை மற்றொருவர் மெய்ப்புப் பார்த்தார். ஊதியம் இல்லை. ஒவ்வொரு கோப்பின் முகப்பிலும் உள்ளிட்டவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் பொறிக்கப்பட்டன. அம்முகப்பை நீக்காமல் எவரும் எவர்க்கும் விலையின்றி வழங்கலாம் என்பதே விதி. ஏடு எழுதி முடித்தவர் இறுதியில் தம் பெயரையும் நாளையும் எழுதிவைக்கும் பழைய வழக்கத்தை இது நினைவூட்டுகிறது. இத்திட்டத்தின் நூல் வரிசையில் முதல் எண் பெற்றது திருக்குறள். பாண்டித்துரைத் தேவருக்குக் கிட்டாத அதே நூல் 97 ஆண்டுகளுக்குப் பின் மதுரையின் பெயர் தாங்கி உலகெங்கும் விலையின்றிக் கிடைக்கத் தொடங்கிற்று. இன்று சங்க நூல்கள் முதல் இருபதாம் நூற்றாண்டுப் புதினங்கள்வரை பல நூறு நூல்கள் அங்கே உள்ளன.

1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணையம் 99 மாநாடு எழுத்துருக் குழப்பத்தைத் தீர்க்க முயன்றது. அது வகுத்த குறியேற்றங்கள் நெடுநாள் நிலைக்கவில்லை. அது தந்த 'தமிழ் 99' விசைப்பலகையோ இன்றும் வாழ்கிறது. இலக்கணம் கற்றோர் இப்பலகையைக் கண்டு வியத்தல் வேண்டும். உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்யெழுத்துகள் வலக்கையில். மெல்லெழுத்தை அடுத்து அதன் இன வல்லெழுத்தை அழுத்தினால் முன்னதற்குப் புள்ளி தானே வந்து அமரும். 'கம்பன்' என்று எழுத க, ம, ப, ன என்று தட்டிக் கடைசியில் மட்டும் புள்ளி இட்டால் போதும். இன எழுத்தின் இலக்கணம் விசைக்குள் புகுந்திருக்கிறது. இத்தகைய பலகை இருக்க, நம் கவிஞருட் பலர் ஆங்கில எழுத்தில் தமிழை ஒலிபெயர்த்துத் தட்டுகின்றனர். எழுத்துப்பிழை பெருகிற்று என்று வருந்துவோர் முதலில் நோக்கவேண்டியது தம் விரல்களையே.

நிலையான தீர்வு ஒருங்குறி வழியே வந்தது. உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே குறியேற்றம் என்னும் இம்முறையில் 1991 முதலே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் விண்டோஸ் 2000 வெளிவந்து 'லதா' எழுத்துருவோடு அதனை இயல்பாகக் காட்டத் தொடங்கிய பிறகே பொதுமக்களிடம் பரவிற்று. இதன் அமைப்பில் தமிழாசிரியர் மனம் ஒப்பாத கூறு ஒன்றுண்டு. மெய்யே அடிப்படை, உயிர் ஏறி உயிர்மெய் ஆகும் என்பது நம் இலக்கணம். ஒருங்குறியிலோ அகரமேறிய மெய்யே அடிப்படை. அதன்மேல் புள்ளி வந்து மெய்யாக்கும். இந்திய மொழிகள் அனைத்துக்கும் ஒரே அச்சு வார்த்த பழைய குறியேற்றத்திலிருந்து இம்முறை வந்தமையே காரணம். 'மதுரை' நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கோ ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என ஐந்து. எழுத்தெண்ணிப் பாடும் கட்டளைக் கலித்துறையைச் சரிபார்க்கும் நிரல் எழுதப் புகுவோர் முதலில் இடறுவது இங்கேதான். இக்குறையை நீக்க ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் தரும் குறியேற்றம் ஒன்றும் வகுக்கப்பெற்றது. 2010இல் தமிழ்நாட்டரசு அதனையும் ஒருங்குறியையும் ஏற்று ஆணையிட்டது. எனினும் உலக வழக்கில் ஒருங்குறியே வென்றது. முரணியதென்றாலும், அது வென்றதால்தான் தமிழைத் தேடுபொறியில் தேட முடிந்தது. பழைய எழுத்துருக்களில் இருந்த கவிதைகள் தேடுவார் கண்ணுக்கு உரோமன் குறிகளாகவே கிடந்தன.

2003 முதல் தமிழில் வலைப்பூக்கள் மலர்ந்தன. தமிழா குழுவினரின் 'இ-கலப்பை' போன்ற இலவச மென்பொருள்கள் உழுது கொடுத்த நிலத்தில் அவை முளைத்தன. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய 'தமிழ்மணம்' சிதறிக் கிடந்த வலைப்பூக்களின் புதிய இடுகைகளை ஓரிடத்தில் திரட்டிக் காட்டிற்று. இதழாசிரியரின் இசைவுக்குக் காத்திராமல் சிற்றூர்க் கவிஞரும் தம் பாட்டை வெளியிடலாம் என்னும் நிலை தமிழிலக்கிய வரலாற்றில் புதியது. தேர்வு இல்லாத இடத்தில் பதரும் பெருகிற்று என்பது மெய்யே. பெரிய எழுத்து நூல்களையும் அன்றைய புலவர் அங்ஙனமே இகழ்ந்தனர். இன்றோ ஆய்வாளர் அவற்றைத் தேடி அலைகின்றனர்.

இவ்விடத்தில் கவிஞர்கள் கருதவேண்டிய தொழில்நுட்பச் செய்தி ஒன்றுண்டு. அண்மைக் காலத்தில் கவிதையைப் பூவும் நிலவும் பின்னணியாக அமைந்த படத்தில் பொறித்து முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் பகிர்வது பெருவழக்காயிற்று. பார்வைக்கு அழகுதான். ஆயின் தேடுபொறி எழுத்தைப் போல் படத்தை எளிதில் படிப்பதில்லை. பார்வையற்றோர்க்குப் படித்துக்காட்டும் மென்பொருளும் அங்கே தடுமாறும். அடுத்த கிழமையே அப்படம் ஆயிரம் படங்களுக்கு அடியில் புதைந்துபோம். அதே கவிதையை எழுத்தாகவே இட்டு, தலைப்பில் 'கவிதை 27' என்று எண்ணிடாமல் பொருள் விளங்கும் பெயர் சூட்டி, ஆசிரியர் பெயரும் நாளும் சேர்த்து வைத்தால், பத்தாண்டு கழித்தும் முன்பின் அறியாத ஒருவர் அதனைக் கண்டெடுப்பார். இணைய விளம்பரக் கலையில் இலக்கியவாதிக்குத் தேவையான பகுதி பெரும்பாலும் இவ்வளவே.

அழிவும் நேர்ந்துள்ளது. தொடக்கக் காலத் தமிழ்ப் பக்கங்கள் பல 'ஜியோசிட்டீஸ்' என்னும் இலவச இடத்தில் குடியிருந்தன. 2009 அக்டோபரில் யாகூ நிறுவனம் அதனை மூடிற்று. படி எடுத்து வைக்காதோர் எழுத்து போயிற்று. திரட்டிகள் பலவும் பின்னாளில் நின்றன. கடவுச்சொல்லை வீட்டாரிடம் சொல்லாமல் மறைந்த எழுத்தாளரின் வலைப்பூக்கள் பூட்டிய வீடுகளாய் நிற்கின்றன. கரையானுக்கும் தீக்கும் தப்பி ஓலை வந்த கதையை உணர்ச்சியோடு வகுப்பில் நடத்தும் நாம், மன்றத்தில் ஒவ்வொரு திங்களும் படிக்கப்பெறும் கவிதைகளின் மற்றொரு படி எங்கே உள்ளது என்று கேட்பதில்லை.

பாண்டித்துரைத் தேவரைப் பற்றி இன்னொரு செய்தியும் வழங்குகிறது. ஸ்காட் என்னும் ஆங்கிலேயர் குறளில் எதுகை மோனை அமையாத இடங்கள் இருப்பதாகக் கருதி, தம் மனம்போல் சொற்களை மாற்றி அச்சிட்டாராம். அதனைக் கண்டு பதறிய தேவர் விற்காமல் இருந்த படிகள் அனைத்தையும் விலைகொடுத்து வாங்கித் தீயிலிட்டாராம். பிழைபட்ட குறள்களும், யாரோ எழுதிப் பாரதியின் பெயரில் உலவும் வரிகளும் இன்று கைப்பேசிதோறும் பரவுகின்றன. அவற்றை வாங்கி எரிக்க எந்தக் குறுநில மன்னராலும் இயலாது. மதுரைத் திட்டத்தின் கோப்பைத் திறந்து, முகப்பில் பெயர் பொறித்த அந்த ஊதியமில்லா மெய்ப்பாளர் திருத்திய பாடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கும் பிழை கண்டால் எழுதித் தெரிவிக்கலாம்.