நாலு நாளில் ஓர் அணி

கால்பந்துப் பயிற்சியாளர் நெரெயோ ரோக்கோ பிறந்த திரியெஸ்தே நகரில் 1932இல் பிறந்து, அவரிடமே ஆடி வளர்ந்தவர் செசரே மால்தினி. 1954இல் மிலான் அணிக்குப் போனார். 12 ஆண்டுகள் அங்கேயே தற்காப்பு ஆட்டக்காரராக நின்று நான்கு முறை இத்தாலிய லீக் பட்டம் வென்றார். 1963 மே 22 அன்று வெம்ப்லியில் யூசேபியோவின் பென்ஃபிகாவை மிலான் 2-1 என வென்றபோது ஐரோப்பியக் கோப்பையைக் கையில் வாங்கிய கேப்டன் அவர்தான். இத்தாலிய கிளப் ஒன்றுக்கு அந்தக் கோப்பை கிடைத்தது அதுவே முதல் முறை. இவ்வளவு இருந்தும் இன்று அவர் பெயரைச் சொன்னால் பவோலோ மால்தினியின் அப்பா என்பார்கள். சற்று விவரம் தெரிந்தவர்கள், 1998 உலகக் கோப்பையில் பிரான்சிடம் பயந்து ஆடித் தோற்ற பழைய பாணிக்காரர் என்பார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் 1986 முதல் 1996 வரை 21 வயதுக்குட்பட்டோர் தேசிய அணியை அவர் நடத்திய விதத்தை வைத்துத்தான் அவரை எடைபோட வேண்டும் என்பது என் கட்சி.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கிளப் பயிற்சியாளருக்குத் தன் ஆட்டக்காரர்கள் தினமும் கிடைப்பார்கள். தேசிய இளையோர் அணிக்கோ பையன்கள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் நாலு நாள் வந்து போகிறவர்கள். ஒருவன் ரோமிலிருந்து வருவான், ஒருவன் நேப்பிள்ஸிலிருந்து. பந்தை உதைக்கக் கற்றுக்கொடுக்க அங்கே நேரம் இல்லை. அதே காலத்தில் அரிகோ சாக்கி மூத்த அணியில் வேறொன்றை முயன்றுகொண்டிருந்தார். அணி முழுவதும் ஒரே வீச்சில் முன்னேறி, ஒரே வீச்சில் பின்வாங்கி, இடத்தைக் காக்கும் ஆட்டம் அது. மிலானில் அதை நாள்தோறும் பழக்கி ஐரோப்பாவையே அசத்தியவர், தேசிய அணியில் அதே ஒத்திசைவைக் கொண்டுவரத் திணறினார். மால்தினியின் முறை எளிமையானது. எதிரணி முன்கள ஆட்டக்காரன் ஒவ்வொருவனையும் நிழலாகத் தொடர ஓர் ஆள், எல்லோருக்கும் பின்னால் துடைத்தெடுக்க ஓர் ஆள், பந்து கிடைத்ததும் மூன்று நான்கு பாஸில் எதிர்க் கோலுக்கு ஓட்டம். இதைப் பழமை என்று கேலி செய்தார்கள். பழமையானாலும், இருபது வயதுப் பையன் நாலு நாளில் பிடித்துக்கொள்ளக் கூடியது.

உடனே பலித்துவிடவில்லை. 1988 ஐரோப்பியப் போட்டியில் கந்தோனா ஆடிய பிரான்சிடம் காலிறுதியில் தோல்வி. 1990இல் யூகோஸ்லாவியாவால் அரையிறுதியோடு மூட்டை கட்ட வேண்டியிருந்தது. கிளப்பாக இருந்திருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இத்தாலியச் சம்மேளனம் (அதன் வழக்கத்துக்கு மாறாகவே, என்று எனக்குத் தோன்றும்) பொறுத்திருந்தது. 1992இல் ஸ்வீடனை வென்று முதல் பட்டம். 1994இல் மோன்பெலியே நகரில் ஃபிகோவும் ரூயி கோஸ்டாவும் ஆடிய போர்ச்சுகலைக் கூடுதல் நேரத்தில் ஓர்லாண்டினியின் கோல்டன் கோல் முடித்துவைத்தது. 1996 மே 31 அன்று பார்சலோனாவில் நடந்த இறுதி ஆட்டத்தில்தான் அந்த முறையின் பலம் முழுதாகத் தெரிந்தது. தொத்தி முதல் கோலை அடிக்க, ராவுல் சமன் செய்தார். சிவப்பு அட்டை வாங்கி இருவர் வெளியேற, ஒன்பது பேரோடு, சொந்த ரசிகர்களின் ஆரவாரத்தில் ஆடிய ஸ்பெயினை இத்தாலி தடுத்து நின்றது. பெனால்டியில் ராவுலும் தெ லா பேன்யாவும் தவறவிட்டார்கள். மோர்ஃபேயோ அடித்த கடைசி உதையோடு தொடர்ந்து மூன்றாவது பட்டம்.

அந்தத் தலைமுறையே அப்படி, யார் பயிற்சியாளராக இருந்தாலும் வென்றிருப்பார்கள் என்று சொல்வோர் உண்டு. 1986ஐப் பாருங்கள். மால்தினிக்கு முன் அதே பதவியில் இருந்த அசேலியோ விசினியிடம் வியால்லி, மன்சினி, தொனதோனி, ஜன்னினி எல்லோரும் இருந்தார்கள். திறமையில் எந்த விதத்திலும் குறைந்த கூட்டமல்ல. இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினிடம் பெனால்டியில் தோற்றார்கள். திறமை மட்டும் கோப்பை வாங்கித் தராது. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது: இளையோர் அணியின் வேலை ஆட்களை உருவாக்குவது, கோப்பை சேர்ப்பதல்ல. ஒப்புக்கொள்கிறேன். வளர்த்த பெருமை பெரும்பாலும் கிளப்புகளுக்கே சேரும். மோர்ஃபேயோவும் ஓர்லாண்டினியும் பிறகு எதிர்பார்த்த உயரத்துக்குப் போகவும் இல்லை. ஆனால் ஃபாபியோ கன்னவாரோவின் கதையைத் தள்ளிவிட முடியாது. 1994, 1996 இரண்டு பட்டங்களிலும் ஆடியவர் அவர். மால்தினி மூத்த அணிப் பொறுப்புக்கு வந்ததும், 1997 ஜனவரியில் அவரை முதன்முறையாக மூத்த அணியில் இறக்கினார். அடுத்த மாதமே வெம்ப்லியில் இங்கிலாந்தின் ஆலன் ஷியரரைக் காவல் காக்கும் வேலை அவருடையது; ஜோலாவின் கோலில் இத்தாலி 1-0 என வென்றது. 2006இல் உலகக் கோப்பையை உயர்த்திய கேப்டன் அதே கன்னவாரோ. அந்த அணியில் நெஸ்தாவும் தொத்தியும் இருந்தார்கள். இருவரும் பார்சலோனாவில் ஆடியவர்கள்.

சரி, 1998? இங்கே நான் அவருக்கு வக்காலத்து வாங்கப் போவதில்லை. எளிய முறைக்கு நான் சொன்ன நியாயமே நாள் பற்றாக்குறைதான். உலகக் கோப்பையிலோ அவருக்கு வாரக்கணக்கில் முகாம் கிடைத்தது. பாஜ்ஜோ, தெல் பியேரோ, வியேரி கையில் இருந்தார்கள். அப்படியும் நாலு நாளில் திரட்டிய அணியைப் போலவே ஆடவைத்தார். செயின்ட் டெனியில் 120 நிமிடம் கோலின்றிக் கடந்து, பெனால்டியில் தி பியாஜோவின் உதை கிராஸ்பாரில் பட்டுத் திரும்பியதோடு முடிந்தது. நான்கு ஆண்டுக்கு முன் சாக்கி, அதே போல் வாரக்கணக்கில் முகாம் கிடைத்தபோது, இறுதி ஆட்டம் வரை போனார் என்பதையும் மறக்கக் கூடாது. மால்தினியின் முறைக்கு ஓர் எல்லை இருந்தது. அதைத் தாண்ட அவரால் முடியவில்லை.

ஆனால் நேரம் குறைந்த இடத்தில் அது மறுபடியும் கைகொடுத்தது. எழுபதை நெருங்கிய வயதில், 2002 உலகக் கோப்பைக்குச் சில மாதங்களே இருக்கையில் பராகுவே அவரை அழைத்தது. தன் நாட்டவரல்லாத ஆட்டக்காரர்களோடு நாக்அவுட் சுற்றுக்குள் போனார். அங்கே ஜெர்மனியை 88ஆவது நிமிடம் வரை கோலடிக்க விடவில்லை பராகுவே. நொய்வில் அடித்த ஒரே கோலில்தான் வெளியேறியது.