சிறுநீர் சொல்லும் சாட்சி

1700 இல் இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி, முகக்கண்ணாடிக்குப் பாதரசம் பூசுவோர் வாதமும் இழைப்பும் கண்டு நலிவதை எழுதிவைத்தார். நோய் கண்ணுக்குப் புலப்படுமுன்னரே, சிறுநீரிலுள்ள பாதரசத்தை அளந்து ஆபத்தை அறியும் வழியை இருபதாம் நூற்றாண்டு விஞ்ஞானம் தந்தது. ஆனால் அளவுகோல் யார் கையில்?

எமது பேசாலைக் கடலுக்கு அப்பால், கொடைக்கானல் மலையில், அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை 1984 இல் இயங்கத் தொடங்கியது. பின்னர் அது இந்துஸ்தான் லீவரின் உடைமையாயிற்று. பாதரசம் படிந்த கண்ணாடிச் சிதைவுகள் பழைய இரும்புக் கடையொன்றில் குவிந்து கிடந்தமை அம்பலமாகவே, 2001 மார்ச்சில் கதவடைத்தது. தொழிலாளருக்கு யாதொரு தீங்கும் நேரவில்லையென்று கம்பெனி சாதித்தது.

இங்கேதான் உடலின் இரசாயனமும் முதலாளிக்குத் துணைபோகின்றது! மூச்சுடன் புகுந்த பாதரசத்திற் பாதி ஏறத்தாழ இரண்டே மாதத்தில் வெளியேறிவிடும். ஆலை மூடி ஓராண்டு கழித்துச் சோதித்தால் சிறுநீரிற் சாட்சி பெரும்பாலும் அழிந்திருக்கும். சிறுநீரகத்திலும் நரம்பிலும் சேதம் ஏற்பட்டிருப்பின் அது மாத்திரம் எஞ்சும். ஆகவே வேலைக்காலத்தில் எடுத்த அளவுகளே சான்று. அவற்றை எடுத்ததும் பேணியதும் கம்பெனிதான்.

2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர் சார்பில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. தொகை எவ்வளவென்பது வெளியிடப்படவில்லை.