செந்நிற எண்ணெய் வந்த வழி

திருவள்ளூரில் நான் ஆசிரியனாகப் பணியேற்றது 1980-களின் தொடக்கத்தில். அப்பொழுது ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தாரின் மண்வாரி யந்திரத் தொழிற்சாலை இங்கு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. 1971-இல் தோன்றிய தொழிற்சாலை அது. பிற்காலத்தில் காட்டர்பில்லர் நிறுவனத்தின் கைக்கு மாறிற்று. 1998-இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸார் மிட்சுபிஷி லான்சர் காரை இவ்வூரிலேயே கட்டத் தொடங்கினர். 2021 முதல் பிரெஞ்சு நாட்டுச் சிட்ரோயன் காரும் இங்கு உருவாகி வருகிறது. என்னிடம் பயின்ற பிள்ளைகள் பலர் இந்த வாயில்களுக்குள்ளும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் பட்டறைகளுக்குள்ளும் நுழைந்து பிழைப்புத் தேடிக்கொண்டனர். ஆகவே யந்திரங்களைப் பற்றி எனக்கும் ஏதோ தெரியும் என்றதொரு மயக்கம் எனக்கு நெடுநாள் இருந்தது.

அந்த மயக்கம் தெளிந்த விதம் இது. என் தம்பி தன் சேமிப்பையெல்லாம் போட்டுத் தானியங்கிக் கியர் பெட்டியுள்ள பழைய கார் ஒன்றை வாங்கினான். பெட்டியின் எண்ணெயை மாற்றவேண்டும் என்றார்கள். செலவைக் குறைக்கலாமென்று நானே கடைக்குச் சென்று, ‘ஏ.டி.எப்.’ என்று எழுதிய செந்நிற எண்ணெய் டின்கள் வாங்கிவந்து பட்டறையில் கொடுத்தேன். அங்கிருந்த சிறுவன் நான் கொடுத்ததை ஊற்றினான். மூன்று வாரத்தில் வண்டி உதறலெடுத்தது. எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வேகம் ஏற மறுத்தது. சோதனைக் கருவியை மாட்டிப் பார்த்த பட்டறைக்காரர், மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி கெட்டுவிட்டது என்று கூறிப் பெருந்தொகை பெற்றுக்கொண்டு அதனை மாற்றினார். விளக்கு மீண்டும் எரிந்தது. பழி, எண்ணெய் ஊற்றிய சிறுவன்மேல் விழுந்தது.

கும்மிடிப்பூண்டியில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் வந்து பார்த்து, காலி டின்னைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: “சார், நிறம் ஒன்று என்பதற்காகச் சரக்கும் ஒன்றாகிவிடுமா?” நாற்பதாண்டுக் காலம் பிறருக்குப் பாடம் சொன்னவனுக்கு அன்று ஒரு பாடம் கிடைத்தது. அதன் பின்னரே இந்த எண்ணெயின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன்.

நம் கட்டைவண்டியின் அச்சில் பூசும் வண்டி மைக்கு வேலை ஒன்றே, தேய்மானத்தைத் தடுப்பது. 1939-இல், அடுத்த ஆண்டின் ஓல்ட்ஸ்மொபீல் காருக்கென ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ‘ஹைட்ரமாட்டிக்’ என்னும் தானியங்கிப் பெட்டியை வெளியிட்டபோது, எண்ணெய்க்குப் பல வேலைகள் வந்து சேர்ந்தன. எஞ்சினின் விசையைச் சக்கரத்தின் பக்கம் கடத்துவதும் அதுவே. எந்தக் கியர் விழவேண்டும் என்ற கட்டளையை அழுத்தமாகச் சுமந்து வால்வுகளைத் திறப்பதும் அதுவே. சூட்டை வெளியேற்றுவதும் அதுவே. இவற்றினும் கடினமான வேலை மற்றொன்றுண்டு. பெட்டிக்குள் கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் நனைந்தபடியே ஒன்றையொன்று பற்றவேண்டும். வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும்! இவ்விரண்டையும் அளவறிந்து தரும் எண்ணெயே நல்ல எண்ணெய்.

1949-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ‘டைப் ஏ’ என்ற தர வரையறையை வகுத்தது. சோதனையில் தேறிய எண்ணெய் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வழங்கி, அதனை டின்னின்மேல் பொறிக்கச் செய்தனர். எஞ்சின் ஆயிலோடு மாறிப்போகாதிருக்கச் சிவப்புச் சாயமும் சேர்ந்தது. அடையாளத்திற்காகச் சேர்த்த சாயம் என்னைப் போன்றோரைப் பின்னாளில் ஏமாற்றப் போகிறது என்று அவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். 1967-இல் போர்டு நிறுவனம் ‘டைப் எப்’ என்ற தன் எண்ணெயை வகுத்தபோது, அது ஜெனரல் மோட்டார்ஸ் எண்ணெய்க்கு நேர்மாறான குணமுடையதாக அமைந்தது. ஒன்று மெல்லப் பற்றுவது. மற்றது வெடுக்கென்று பிடிப்பது. இரண்டின் நிறமும் சிவப்பே.

மெல்லப் பற்றும் அந்தக் குணம் எங்கிருந்து வந்தது? நேயர்கள் வியப்படையக்கூடும்; அது திமிங்கலத்திடமிருந்து வந்தது. ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெய் கடுஞ்சூட்டையும் தாங்கி உலோகத்தின்மேல் மெல்லிய படலமாய் ஒட்டி நிற்கும் தன்மையது. அதைச் சிறிதளவு கலந்தே கிளட்சின் பிடியைச் சீராக்கினர். ஆழ்கடலில் வாழ்ந்த பிராணியின் கொழுப்பு, கியர் மாறுவது தெரியாமல் சீமான்கள் காரோட்டப் பயன்பட்டது. 1970-இல் அமெரிக்க அரசு அத்திமிங்கலத்தை அழிந்துவரும் உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. 1973-இல் அதற்கான சட்டம் மேலும் இறுகிற்று. எண்ணெய் வல்லுநர் மாற்றுப்பொருள் தேடி அலைந்தனர். பாலைநிலச் செடியாகிய ஹொஹோபாவின் வித்தைக்கூட விட்டுவைக்கவில்லை. புதிதாக வந்த ‘டெக்ஸ்ரான் 2’ எண்ணெய் கிளட்சுக்கு இசைந்தது. எனினும், எண்ணெயைக் குளிரவைக்கும் குழாய்களின் பற்றவைப்புகளை அரித்துவிட்டது. அரிப்புத் தடுப்பான் சேர்த்து மறுபடியும் திருத்தினர். இந்நிகழ்ச்சியை நான் இரண்டு முறை படித்தேன். ஒரு துளிப் பொருளை எடுத்துவிட்டால், தொடர்பே இல்லாதது போலத் தோன்றும் மற்றோரிடத்தில் பழுது வெடிக்கிறது!

மின்னணுச் சாதனம் கியர் பெட்டிக்குள் குடிபுகுந்தபோது இந்தத் தொடர்பு இன்னும் நெருக்கமாயிற்று. 1980-களில் கணிப்பொறி, எண்ணெய் வால்வுகளை ஆளத் தொடங்கியது. அதன் கைகளாவன சொலினாய்டுகள். செப்புக் கம்பிச் சுருள் சுற்றிய சிறு மின்வால்வுகள். அதன் கண்களாவன வேக சென்சார்கள். இவை எண்ணெயிலேயே மூழ்கிக் கிடக்கின்றன. எண்ணெய் அளவுக்கு மேல் தடித்திருந்தால் வால்வு தாமதமாகத் திறக்கிறது. பொருந்தாத எண்ணெயால் தட்டுகள் வழுக்கித் தேய்ந்தால், அந்த இரும்புத் துகள் காந்தமுள்ள சென்சாரின் முகத்தில் அப்பிக்கொண்டு பொய்க் கணக்குக் காட்டுகிறது. சாதாரணக் கியர் ஆயிலிலுள்ள கந்தகச் சேர்க்கையோ செம்பை அரிக்கும். கணிப்பொறி, வழுக்கலை முதலில் தன்னால் இயன்றவரை சரிக்கட்டிப் பார்க்கும். எல்லை கடந்தவுடன் பிழைக் குறியைப் பதிவு செய்து, வண்டியை ஒரே கியரில் நிறுத்திவிடும். குறியைப் படிப்பவர் மின்சாதனத்தைப் பழிக்கிறார். குற்றமோ டின்னில் இருக்கிறது.

எண்ணெய் மின்கம்பி வழியே பயணம் செய்வதும் உண்டு. 1996-இல் வெளிவந்த மெர்சிடிஸ்-பென்ஸின் ஐந்து வேகத் தானியங்கிப் பெட்டியில், மின் இணைப்பு முனையின் அடைப்பு வளையம் தளர்ந்தால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலக் கம்பி உறைக்குள் ஏறி, தொலைவிலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியையே நனைத்துவிடும். பணிமனைக்காரர் நன்கறிந்த பழுது இது.

எங்கள் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். சுரங்கங்களில் ஓடும் காட்டர்பில்லர் பார வண்டிக்கு அந்நிறுவனம் விதிப்பது ‘டி.ஓ.4’ என்னும் தரம். காருக்குரிய மெல்லிய செந்நிற எண்ணெய் அங்கே உதவாது. அதே திருவள்ளூரில் உருவாகும் காரின் தானியங்கிப் பெட்டிக்கு அந்த எண்ணெய் உதவாது. எங்களுக்கு அணித்தேயுள்ள மணலியில் 1969 முதல் சுத்திகரிப்பு நிலையம் நடைபெறுகிறது. எண்ணெயில் கலக்கும் சேர்க்கைப் பொருள்களைச் செய்யவென்றே 1989-இல் இந்தியன் அடிட்டிவ்ஸ் என்ற நிறுவனமும் அங்கே அமைந்தது. எண்ணெயின் குணம் பெரிதும் அந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது என்பதை அருகிலேயே இருந்தும் நான் அறியாதிருந்தேன். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விளம்பரம் செய்யும் டின்களுள் சில நல்லனவாகவும் இருக்கலாம். நான் இப்போது வண்டியின் கையேட்டிலுள்ள தரக் குறியீட்டை டின்னிலுள்ள குறியீட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தே வாங்குகிறேன். விடைத்தாள் திருத்திய பழக்கம்!

தம்பியின் காரில் இருந்தது பற்சக்கர வகையே அன்று. இரண்டு கப்பிகளுக்கிடையே எஃகுப் பட்டை ஓடும் சி.வி.டி. வகை. எஃகு எஃகைப் பற்றும்படி தனியே சமைத்த எண்ணெய் அதற்கு வேண்டும். நான் வாங்கித் தந்த எண்ணெயில் பட்டை வழுக்கியது. இரு கப்பிகளின் வேகக் கணக்கும் பொருந்தாமையைக் கண்டு கணிப்பொறி கூக்குரலிட்டது. அது செய்தது தன் கடமையே.

பட்டறைக்குச் சென்று, எண்ணெயைக் கொடுத்தவன் நான் என்று உரிமையாளரிடம் கூறினேன். இதைக் கூற எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அந்த ஒரு வாரமும் சிறுவன் வசவு வாங்கிக்கொண்டிருந்தான். என் மாணவர் பழைய எண்ணெயை வடித்து, உரிய எண்ணெயை இருமுறை ஊற்றி மாற்றினார். விளக்கு அணைந்தது. ஆயினும் பட்டை கப்பியில் இட்ட கீறல் போகவில்லை. திருத்தணி மலைப்பாதையில் ஏறும்போது வண்டி இன்றும் முனகுகிறது. பழுதில்லாமலே கழற்றப்பட்ட பழைய மின்னணுப் பெட்டி என் வீட்டு அலமாரியில், ஆசிரியப் பயிற்சிக் காலத்துப் புத்தகங்களுக்கு அருகில் இருக்கிறது.