கைகோத்து எல்லை தொட்ட ஓட்டம்



நம் அவிநாசியிலிருந்து கோயம்புத்தூர் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். கிரேக்க நாட்டின் மாரத்தான் சமவெளியிலிருந்து ஏதென்ஸ் நகரமும் ஏறக்குறைய அதே தொலைவுதான். தெக்கலூரையும் கருமத்தம்பட்டியையும் பேருந்தின் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு நாம் கடக்கிற அந்த வழியில் பாதியைக் கால்களால் ஓடிக் கடப்பதற்கு ஒப்பானது அரை மாரத்தான். உங்களில் சில நண்பர்கள் ஒன்றாகச் சேர்ந்து, முதன்முறையாக அவ்வோட்டத்துக்கு ஆயத்தமாகி வருகிறீர்கள். ஆகவே இவ்வாரம் அதன் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். அவ்வரலாறு நெடுகிலும் ஒரு கேள்வி தொடர்ந்து வருவதைக் காண்பீர்கள்: உடன் ஓடுகிறவர் எனக்குப் போட்டியாளரா, துணைவரா?

பழங்காலப் பந்தயச்சாலை இக்கேள்விக்குத் தயக்கமின்றி விடை சொன்னது. கொரிந்து பட்டணத்துக்கு அருகே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டுகள் நடைபெற்றன. அங்கே வென்றவருக்கு இலைகளால் பின்னிய கிரீடம் சூட்டினார்கள். மற்றவர்களுக்கு அது கிடைக்கவில்லை. அப்பட்டணத்தில் ஒன்றரை ஆண்டு தங்கியிருந்த பவுல், கொரிந்தியருக்கு எழுதும்போது ஓட்டப்பந்தயத்தை உவமையாக எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. அவர்கள் கண்ணால் கண்டு பழகிய காட்சி அது.

மாரத்தான் கதையும் தனியொருவரின் கதையாகவே நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கி.மு. 490-இல் நடந்த போரின் வெற்றிச் செய்தியைச் சுமந்து ஏதென்சுக்கு ஓடிய வீரன், அதைச் சொல்லிவிட்டு உயிர்விட்டான் என்பார்கள். அந்தப் போரைப் பற்றி விரிவாக எழுதிய ஏரோடோட்டஸ் இந்த நிகழ்ச்சியைச் சொல்லவில்லை. அது பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த ஆசிரியர்களின் எழுத்திலேயே காணப்படுகிறது. ஆயினும் அக்கதையை நினைவுகூர்ந்தே 1896-இல் ஏதென்சில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓட்டம் சேர்க்கப்பட்டது. அதில் வென்ற ஸ்பிரிடோன் லூயிஸ், தண்ணீர் சுமந்து பிழைத்த ஓர் எளிய மனிதர்.

1908-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் நடந்ததைக் கவனியுங்கள். இத்தாலியரான டொராண்டோ பியெத்ரி மற்றவர்களுக்கு முன்பாக அரங்கத்துக்குள் நுழைந்தார். ஆனால் களைப்பின் மிகுதியால் திசை தடுமாறி, மீண்டும் மீண்டும் விழுந்தார். அருகில் நின்ற அலுவலர்கள் மனமிரங்கித் தூக்கிவிட, தள்ளாடியபடியே எல்லைக்கோட்டைக் கடந்தார். பிறர் உதவியால் கடந்தார் என்பதற்காக அவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்; அமெரிக்கரான ஜானி ஹேயஸ் வெற்றியாளர் ஆனார். விதியின்படி அது சரியே. எனினும் மறுநாள் அரசி அலெக்சாண்ட்ரா, தோற்ற பியெத்ரிக்கு ஒரு வெள்ளிக் கோப்பையைப் பரிசளித்தார். அன்று ஓடப்பட்ட 42.195 கிலோமீட்டரே 1921-இல் மாரத்தானின் நிலையான தொலைவாக ஏற்கப்பட்டது. அதில் சரிபாதியே நீங்கள் ஓடப்போகும் 21.0975 கிலோமீட்டர்.

துணைவரின் பங்கை உலகம் அறிந்துகொண்ட நாள்களில் ஒன்று 1954, மே 6. ஒரு மைல் தூரத்தை 4 நிமிடங்களுக்குள் ஓடிய முதல் மனிதரானார் ரோஜர் பானிஸ்டர். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 3 நிமிடம் 59.4 விநாடி. ஆனால் அவர் தனியே ஓடவில்லை. முதலில் கிறிஸ் பிராஷரும், பின்பு கிறிஸ் சாட்டவேயும் அவருக்கு முன்னே ஓடி வேகத்தை அமைத்துக் கொடுத்தார்கள். பெயர் பானிஸ்டருக்குக் கிடைத்தது; அதற்கு வழி செய்தவர்கள் அவருடைய நண்பர்கள்.

அந்தப் பிராஷரே பின்னாளில் தம் நண்பர் ஜான் டிஸ்லியுடன் சேர்ந்து, எளிய மக்களும் ஓடும்படி இலண்டன் மாரத்தானைத் தொடங்கினார். 1981, மார்ச் 29 அன்று நடந்த அதன் முதல் ஓட்டத்தில், அமெரிக்கரான டிக் பேர்ட்ஸ்லியும் நார்வே நாட்டவரான இங்கே சைமன்சனும் முன்னணியில் வந்தார்கள். கடைசி அடிகளில் ஒருவரையொருவர் முந்த முயலாமல், கைகோத்தபடி ஒன்றாக எல்லைக்கோட்டைக் கடந்தார்கள். இருவரும் வெற்றியாளர்களாக அறிவிக்கப்பட்டார்கள். 1908-இல் தூக்கிவிட்ட கை ஒருவரின் வெற்றியைப் பறித்தது. அதே நகரில் 73 ஆண்டுகளுக்குப் பின், கோத்த கைகள் இருவரையும் வெற்றியாளர்களாக்கின.

அதே ஆண்டு ஜூன் மாதத்தில், பிரெண்டன் பாஸ்டர் என்னும் ஓட்டவீரரின் முயற்சியால், இங்கிலாந்தின் வடக்கே நியூகாசிலில் ஓர் அரை மாரத்தான் தொடங்கியது. பல்லாயிரம் பேர் அதில் ஓடினார்கள். நம் நாட்டில் 2004-இல் மும்பையிலும், 2005-இல் டெல்லியிலும் இத்தகைய பெருந்திரள் ஓட்டங்கள் தொடங்கின. நமக்கு அண்மையில், கோயம்புத்தூர் மாரத்தான் 2013 முதல் புற்றுநோய் விழிப்புணர்வுக்காக நடைபெற்று வருகிறது. அதில் அரை மாரத்தானும் உண்டு. இவ்வோட்டங்களில் முதலில் வருகிறவரைப் போலவே, மூன்று மணி நேரம் கழித்து வருகிறவரும் ஓட்டத்தை முடித்தவராகவே எண்ணப்படுகிறார். பழைய கொரிந்தில் இதற்கு இடமில்லை.

பிரியமானவர்களே, எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்திலும் ஓட்டம் ஓர் உவமையாக வருகிறது என்பதை அறிவீர்கள். அங்கே வினைச்சொல் எந்த வடிவில் இருக்கிறதென்று வீட்டில் திறந்து பாருங்கள். 'நீ ஓடு' என்று ஒருமையில் அல்ல. 'நாம்' என்று பன்மையிலே அது அமைந்திருக்கிறது.

பன்மையில் ஓடுவது எப்படி? குழுவின் வேகத்தை மிகவும் மெதுவாக ஓடுகிறவரே தீர்மானிக்கட்டும். ஓடும்போது ஒரு முழு வாக்கியத்தை மூச்சிரைக்காமல் பேச முடியவேண்டும். முடியாவிட்டால் வேகம் மிகுதி என்று பொருள். கிலோமீட்டருக்கு 8 நிமிடம் வீதம் ஓடினாலும் ஏறக்குறைய 2 மணி 49 நிமிடத்தில் எல்லையை அடைந்துவிடலாம். முதல் ஐந்து கிலோமீட்டரில் உற்சாகத்தால் விரைகிறவர்களே பெரும்பாலும் கடைசி ஐந்தில் தவிக்கிறார்கள். தூரத்தை வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். சர்க்கரை நோயோ, இரத்த அழுத்தமோ உடையவர்கள் மருத்துவரைக் கேளாமல் தொடங்கவேண்டாம். ஓடும்போது நெஞ்சில் வலியோ, தலைச்சுற்றலோ வந்தால் உடனே நின்றுவிடுங்கள். உடன் வருகிறவர்களும் அவரோடு நில்லுங்கள். தனியே விட்டுச் செல்லவேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஓட்டக்காரர்கள் அணியும் பனியன் துணி நம் வட்டாரத்திலும் பின்னப்படுகிறது. இங்குள்ளவர்கள் அதை வெட்டித் தைத்து, இஸ்திரி போட்டு, பெட்டியில் அடுக்குகிறார்கள். பகலெல்லாம் செக்கிங் மேசையின் முன் நின்று கால் கடுக்கிற சகோதரிக்கு, விடியற்காலை ஓட்டம் எளிதன்று. இரவு ஷிப்ட் முடித்து வரும் சகோதரனுக்கு, நீங்கள் புறப்படும் 5 மணி உறங்கப்போகும் நேரம். அவர்களுக்கு ஆர்வமில்லை என்று எண்ணிவிடாதீர்கள். நேரத்தைக் குறித்தபோது அவர்களிடம் யாரேனும் கேட்டோமா?

ஆகையால் இவ்வாரம் உங்கள் குழு கூடும்போது, எத்தனை கிலோமீட்டர் ஓடுவது என்று பேசுவதற்கு முன்பாக, வர விரும்பியும் வர இயலாதிருக்கிற ஒருவரைத் தேடிச் சென்று, "உங்களுக்கு எந்த நாள், எந்த நேரம் வசதிப்படும்?" என்று கேளுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது அவர் சொல்லும் நேரத்தில் புறப்படுங்கள். அன்று அவர் இரண்டு கிலோமீட்டர் நடக்க மட்டுமே முடிந்தாலும், அவரோடு நடங்கள்.