ரோஜா வயல்காரர்கள்

நம் பத்திரிகைகள் எல்லாம் 'ரூஸ்வெல்ட்' என்றே எழுதிப் பழகிவிட்டன. அந்தக் குடும்பத்தார் சொல்வது ஏறக்குறைய 'ரோஸவெல்ட்'. டச்சு மொழியில் இரண்டு 'ஓ' எழுத்து சேர்ந்து வந்தால் அது நெடில் ஓகாரம், ஊகாரம் அல்ல. பெயருக்குப் பொருள் ரோஜா வயல். குடும்பச் சின்னத்திலும் ரோஜாதான்.

அமெரிக்காவுக்கு இரண்டு ஜனாதிபதிகளைத் தந்த இந்தக் குடும்பத்தின் மூலவர் க்ளாஸ் மார்டென்ஸ்ஸென் வான் ரோஸன்வெல்ட். 1650ஐ ஒட்டி ஹாலந்திலிருந்து கப்பலேறி நியூ ஆம்ஸ்டர்டாம் போய்ச் சேர்ந்தவர். (பிற்பாடு 1693 முதல் 1699 வரை நம் புதுச்சேரியை வைத்திருந்தார்களே, அதே டச்சுக்காரர்களின் ஊர்தான் அப்போது அது.) அவர் வாங்கிய பண்ணை நிலம் இன்று மன்ஹாட்டனின் நடுமத்தி.

அந்த நீளமான பெயரைப் பிரித்துப் பாருங்கள். 'க்ளாஸ்' என்பது நிக்கோலாஸின் சுருக்கம். 'மார்டென்ஸ்ஸென்' என்றால் மார்டென் மகன். நாம் இனிஷியலாக முன்னால் போடும் அப்பா பெயரை அவர்கள் முழுசாகப் பின்னால் போட்டார்கள். 'வான்' என்றால் இன்ன இடத்துக்காரர். உழவர்கரை மு. கந்தசாமி என்று நாம் எழுதுவதைப் போலத்தான். மகன் காலத்தில் அப்பா பெயர் மாறும், குடிபெயர்ந்தால் ஊரும் மாறும். நிலையான குடும்பப் பெயர் என்று இதில் எதுவும் இல்லை.

ஸேலாண்ட் மாகாணத்தில் தோலன் தீவிலுள்ள ஓட் வோஸ்மேர் என்ற ஊர், அந்தக் குடும்பம் எங்கள் மண் என்று உரிமை கொண்டாடுகிறது. அங்கே அதே பெயரில் நிலம் வைத்திருந்தவர்கள் உண்டு. ஆனால் அவர்களையும் க்ளாஸையும் இணைக்கும் பத்திரம் அகப்படவில்லை. குமாஸ்தாவாக இருந்தவன் நான். பத்திரம் இல்லாமல் வாரிசுச் சான்றுக்குக் குறிப்பு எழுத மாட்டேன்!

1664இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து நியூயார்க் என்றாக்கினார்கள். அப்பா பெயரைச் சொல்லும் டச்சு வழக்கம் மெல்ல மறைந்தது. க்ளாஸின் மகன் நிக்கோலாஸ் காலத்தில் 'வான்' உதிர்ந்து, ரோஸவெல்ட் நிலைத்துவிட்டது.

ஹாலந்திலேயே தங்கிவிட்டவர்களில் குடும்பப் பெயர் இல்லாதவர்களுக்கு அந்தக் கட்டாயம் 1811இல் வந்தது. ஆணையிட்டவர் நெப்போலியன். பள்ளியில் அவருடைய போர்களைத் தேதி வாரியாக ஒப்பித்தோமே தவிர, இதை யாரும் சொல்லித் தரவில்லை. 1881 ஆணைக்குப் பிறகு நம் ரெனோன்சான்கள் குடும்பப் பெயர் தேர்ந்தெடுத்து எழுதிக் கொடுத்தார்களே, அதற்கும் வேர் அந்தப் பிரெஞ்சுப் பதிவேட்டு முறைதான். பட்டாளமும் கப்பலும் போன பின்னும் எத்தா சிவில் நின்றுவிடுகிறது.

நிக்கோலாஸின் பிள்ளைகளில் யோஹான்னஸ், யாகோபஸ் என்று இருவர். மூத்தவர் வழியில் தியோடர், இளையவர் வழியில் பிராங்க்ளின். தியோடரின் தம்பி மகள் எலினோர். 1905இல் பிராங்க்ளின் அவரைக் கல்யாணம் செய்தபோது, அப்பா ஸ்தானத்தில் நின்று பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுத்தவர் அன்றைய ஜனாதிபதி தியோடர். புக்ககம் போன பிறகும் எலினோருக்கு அதே பிறந்த வீட்டுப் பெயர்தான்.