சுராங்கனிக்கு முந்திய கதை

மன்னாரிலிருந்து தெற்கே சிலாவத்துறையைத் தாண்டிப் போனால் மறிச்சுக்கட்டி. அதற்கப்பால் வில்பத்துக் காடு. காட்டை ஊடறுக்கும் பழைய பாதை இலவன்குளம் வழியாகப் புத்தளத்துக்குப் போகிறது. 1906இல் மறிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு நடந்தபோது வெறும் மணற்கரையில் ஒரு பட்டினமே முளைத்தது. அரேபியர், தமிழர், சோனகர் என்று ஆயிரக்கணக்கில் சுழியோடிகளும் வியாபாரிகளும் கூடினார்கள். மேற்பார்வைக்கு வந்த வெள்ளைக்கார உத்தியோகத்தர்களில் ஒருவர் லெனார்ட் வுல்ஃப், பிற்காலத்தில் பேர்பெற்ற எழுத்தாளர். 1907க்குப் பிறகு சிப்பி பொய்த்தது, பட்டினமும் கலைந்தது. எத்தனை சிப்பி, எவ்வளவு வருமானம் என்று அரசாங்கம் பிசகாமல் எழுதி வைத்தது. பாட்டுக்குக் கணக்கெழுத யார் இருந்தார்கள்?

இந்தக் கரையோரத்தின் இன்னொரு சொத்து தாளம். போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைப் பிடித்து, 1658இல் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தார்கள். ஆட்சி போனாலும் அவர்களோடு வந்த ஆட்டமும் பாட்டும் போகவில்லை.

புத்தளத்துக்குப் பக்கத்திலுள்ள சிரம்பியடியில் அதை இன்றும் கேட்கலாம். அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் வழித்தோன்றல்களான காபிரி சமூகத்தவர் அங்கே வாழ்கிறார்கள். அவர்களுடைய ‘மஞ்ச’ பாட்டுக்குப் பெரிய வாத்தியம் எதுவும் வேண்டியதில்லை. இரண்டு சிரட்டை, ஒரு கண்ணாடிப் போத்தல், அதைத் தட்ட ஒரு கரண்டி, கூட ஒரு ரபான் போதும். போர்த்துக்கேயக் கலப்பு மொழியில் நாலைந்து சொற்கள் மெதுவாகத் தொடங்கும். திரும்பத் திரும்ப வர வர வேகம் ஏறும். கடைசியில் உட்கார்ந்திருப்பவர்களும் எழுந்து ஆடிவிடுவார்கள்.

இந்த மரபின் ஆறெட்டுத் தாளத்தில் 1940களில் சிங்களச் சொற்களை ஏற்றி, பைலா என்ற ஆட்டப்பாட்டை ஊரெங்கும் பரப்பியவர் வொலி பஸ்தியன்ஸ். தொழிலால் அவர் ஒரு பொலிஸ்காரர்! பிறகு கொழும்பு ஹோட்டல்களில் ஜெட்லைனர்ஸ், ஸ்பிட்ஃபயர்ஸ் போன்ற குழுக்கள் ஆங்கிலப் பாட்டுப் படித்தன. 1960களின் நடுப்பகுதியில் கிளரன்ஸ் விஜேவர்தனவின் மூன்ஸ்டோன்ஸ் குழு மின்கிற்றாரைச் சிங்களப் பாட்டுக்குள் கொண்டுவந்தது.

தமிழ்ப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? தமிழ்நாட்டில் கிற்றார் தெரிந்தவன் போய்ச் சேரும் இடம் சினிமா ஒலிப்பதிவுக்கூடம். இலங்கையில் அப்படியொரு பெரிய தமிழ்ச் சினிமா இல்லாதது ஒருவகையில் நல்லதாய்ப் போயிற்று. வாய்ப்புத் தர இசையமைப்பாளர் இல்லை. காத்திருக்கக் கதாநாயகனும் இல்லை. பாட்டைத் தாங்களே கட்டினார்கள், தாங்களே மேடையேறினார்கள். யாழ்ப்பாணத்து நித்தி கனகரத்தினம் சின்ன மாமியையும் கள்ளுக்கடையையும் லண்டன் மாப்பிள்ளையையும் பேச்சுத் தமிழிலேயே பாடினார். சங்கீத சபைகளுக்கு உகந்த பொருளா அது? சனத்துக்கு உகந்ததாக இருந்தது. பைலாத் துள்ளலில் அமைந்த இந்தப் பாட்டுகளை மக்கள் ‘பொப்’ என்றார்கள்.

இந்தப் பொப் பாட்டுகளில் ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ கடலையே தாண்டியது. மீன் வந்திருக்கிறது என்று ஒரு பெண்ணிடம் சொல்வதுதான் விஷயம்; சிங்களமும் தமிழும் கலந்து ஓடும். 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா இசையில் அது ஒலித்ததோடு, தமிழ்நாட்டில் பலருக்கு அது சினிமாப் பாட்டாகவே ஆகிவிட்டது. அடுத்த ஆண்டு இலங்கையில் ‘வாடைக்காற்று’ படத்தில் நடித்த மனோகரன், பிறகு சென்னையில் வாழ்ந்து 2018இல் காலமானார்.

இன்று சுயாதீன இசைக்குழு என்றால் கொழும்பு இளையவர்கள் ஸ்டிக்மாட்டாவைச் சொல்வார்கள். 1999இல் தொடங்கிய மெட்டல் குழு அது; 2003இல் ‘ஹொலோ ட்ரீம்ஸ்’ என்ற முதல் தொகுப்பை வெளியிட்டது. அவர்களுடைய உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சினிமாவின் தயவில்லாமல் கிற்றாரோடு நின்ற தமிழ்க் குழுக்கள் அதற்கு முப்பது ஆண்டு மூத்தவை.

அந்த மூத்தவர்களின் ஒலிப்பதிவுகள்தான் அருகிவிட்டன. போரில் வீடுகளோடு எவ்வளவோ அழிந்தன. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மறிச்சுக்கட்டி மக்களும் அகதிகளானார்கள். அந்த நேரத்தில் இசைத்தட்டையா தூக்கிக்கொண்டு ஓட முடியும்? எஞ்சியவை கொழும்பிலும் கனடாவிலும் லண்டனிலும் யாருடைய அலுமாரியிலோ கிடக்கலாம். உங்கள் வீட்டில் பழைய பொப் இசைத்தட்டோ ஒலிநாடாவோ இருந்தால், ஈழத்து ஆவணங்களை மின்னுருவாக்கிவரும் நூலகம் நிறுவனத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். உறையையும் எறிந்துவிடாதீர்கள். கிற்றார் வாசித்தவர், டிரம் அடித்தவர் பெயரெல்லாம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.