புல்லிங் இல்லாத வண்டி

டிப்போவில் நான் மெக்கானிக்காக இருந்த காலத்தில், "வண்டி புல்லிங் இல்லை" என்று டிரைவர் எழுதிக் கொடுத்தால் புதுப் பையன்கள் நேரே டீசல் ஃபில்டரைக் கழற்றுவார்கள். நான் முதலில் சக்கரத்துப் பக்கம் போவேன். பிரேக் டிரம் கொதித்தால் எஞ்சினில் குறையில்லை. பிரேக் விடவில்லை என்று அர்த்தம்.

புற்றுநோய் மருத்துவத்திலும் வெகுகாலம் இதே கதைதான் நடந்திருக்கிறது. படித்தபோது, 2009-ல் நுரையீரல் புற்றில் போன என் தம்பி நினைவுக்கு வந்தான்.

1891-ல் நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற சர்ஜன் இருந்தார். 17 வயதுப் பெண் ஒருத்தி புற்றில் இறந்ததைத் தாங்க முடியாமல் பழைய ஆஸ்பத்திரிப் பதிவுகளைப் புரட்டினார். கழுத்தில் கட்டி இருந்த ஒருவருக்குத் தோலில் கடும் தொற்றும் காய்ச்சலும் வந்து, கட்டியே கரைந்து போயிருந்தது. உடனே கோலி, கிருமியையே நோயாளிகளுக்கு ஊசியாகப் போட்டு உடம்பை உசுப்பிப் பார்த்தார். சிலருக்குக் கேட்டது, பலருக்குக் கேட்கவில்லை. அவருக்குப் பின் வந்தவர்களும் பெரும்பாலும் ஆக்சிலரேட்டரைத்தான் மிதித்தார்கள்.

நம் ரத்தத்தில் டி செல் என்று ஒரு வகை வெள்ளணு உண்டு. அதன் மேற்பரப்பில் ஏற்பிகள் இருக்கின்றன. ஒன்று எதிரியை அடையாளம் காணும். இன்னொன்று செல்லை முடுக்கும். 1987-ல் பிரான்சில் சிடிஎல்ஏ-4 என்ற மற்றொன்றைக் கண்டுபிடித்தார்கள். இதுவும் ஆக்சிலரேட்டர்தான் என்று சிலர் நினைத்தார்கள். அது பிரேக் என்று 1990-களின் நடுவில் தெரிந்தது. காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசன். சிறு வயதிலேயே தாயைப் புற்றுக்குப் பறிகொடுத்தவர். அந்தப் பிரேக்கைப் பிடிக்க விடாமல் தடுத்ததும் எலிகளின் கட்டிகள் மறைந்தன. 1996-ல் அதை வெளியிட்டார். மருந்தாக அனுமதி கிடைக்க 2011 ஆனது.

ஜப்பானில், கியோட்டோவில், தாசுகு ஹோன்ஜோவின் குழு 1992-ல் பிடி-1 என்ற இன்னொரு ஏற்பியைக் கண்டது. அதுவும் பிரேக்தான். புற்றுசெல் தானே காலை நீட்டி அந்தப் பிரேக்கை மிதித்துக்கொள்கிறதாம்! அதைத் தடுக்கும் மருந்து 2014-ல் வந்தது, பிறகு நுரையீரல் புற்றுக்கும் வந்தது. இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு.

பிரேக் வேண்டாத பொருள் அல்ல. சிடிஎல்ஏ-4 இல்லாமல் பிறந்த எலிகள் சில வாரங்களில் செத்துப்போயின. அவற்றின் டி செல்களே உடம்பைத் தாக்கின. இந்த மருந்துகளிலும் சிலருக்குக் குடலும் நுரையீரலும் தைராய்டும் வீங்கும். எல்லோருக்கும் பலிப்பதும் இல்லை. தம்பிக்குப் பலித்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று. அன்று வீட்டில் எல்லோரும், "அவனுக்கு எதிர்ப்பு சக்தி போயிடுச்சு" என்றோம். ஆட்டுக்கால் சூப்பும் கேழ்வரகுக் கஞ்சியும் வைத்து வற்புறுத்தினோம். எங்களுக்காகவே விழுங்கினான். கடைசியில் ஒருநாள், "நான் சரியா சாப்பிடலியா அண்ணே?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

இப்போது கேட்டால் சொல்வேன்: உன் மேல் குறையில்லைடா தம்பி. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும்.